லினக்ஸ் ஓட்ட மடிக்கணினி வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விண்டோஸுக்காக மடிக்கணினி வாங்குபவர் புராசசர், ரேம், எஸ்எஸ்டி, திரை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் பணத்தைக் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் மற்ற பாகங்களுக்கான இயக்கிகளை (டிரைவர்களை) தயாரிப்பாளரே பொருத்தி அனுப்பியிருப்பார். லினக்ஸ் நிறுவப்போகிறவருக்கு நிலைமை தலைகீழ். அந்த நான்கும் அநேகமாகத் தொல்லை தருவதில்லை. தொல்லை தருபவையெல்லாம் விளம்பர அட்டையில் ஒரு வரிகூட இடம்பெறாத சிறு சில்லுகள்தாம். வைஃபை அட்டை, ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபயர், கேமரா, கைரேகை உணரி, மூடியை மூடினால் கணினி உறங்கும் விதம் ஆகியவற்றை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால், நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 1: வழங்கலையும் கெர்னலையும் முதலில் தீர்மானியுங்கள்

வழங்கல் என்பது டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் போன்ற, நிறுவத் தயாரான லினக்ஸ் தொகுப்பு. கெர்னல் என்பது அதன் மையத்தில் இருந்து வன்பொருளை இயக்கும் பகுதி. லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கெர்னலுக்கு உள்ளேயே இருக்கின்றன. ஆகவே ஒரு சில்லு வேலை செய்யுமா என்ற கேள்விக்கு, நீங்கள் பயன்படுத்தப்போகும் கெர்னலின் பதிப்பு எண் தெரியாமல் விடை சொல்ல முடியாது. புதிய கெர்னல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. ஆனால் அது உங்கள் கைக்கு வந்து சேரும் வேகம் வழங்கலுக்கு வழங்கல் மாறுகிறது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 கெர்னல் 6.1-உடனும், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 கெர்னல் 6.12-உடனும் வந்தன. உபுண்டு 24.04 முதலில் 6.8-உடன் வந்து, பின்வந்த இடைப் பதிப்புகளில் இன்னும் புதிய கெர்னல்களைப் பெற்றது. ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுவதோடு, இடையிலும் கெர்னலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஆர்ச்சில் இந்தத் தாமதம் இன்னும் குறைவு.

எனவே, டெபியனின் நிதானத்தை விரும்புகிறவர் சென்ற மாதம் சந்தைக்கு வந்த மாடலை வாங்குவது வீண் வம்பு. நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளியது: மாடல் வெளியான தேதிக்கும் நான் பயன்படுத்தப்போகும் கெர்னல் வெளியான தேதிக்கும் இடையே குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும், அதிலும் மாடல்தான் மூத்ததாக இருக்க வேண்டும். புத்தம் புதியதுதான் வேண்டுமென்றால் ஃபெடோராவையோ அதைப்போல விரைந்து நகரும் வேறொரு வழங்கலையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

இயக்கியோடு, சில்லுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் தேவை. வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகள் பலவும் தமக்குரிய ஃபர்ம்வேர் கோப்பு ஏற்றப்பட்ட பிறகே உயிர்பெறும். டெபியன் 12-க்கு முன்புவரை அந்தக் கோப்புகள் அதிகாரபூர்வ நிறுவல் படிமத்தில் (ஐஎஸ்ஓ கோப்பில்) சேர்க்கப்படவில்லை. 12 முதல் சேர்ந்தே வருகின்றன. பழைய கட்டுரைகளில் ‘டெபியனில் வைஃபை வராது’ என்று படித்துப் பயந்தவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

படி 2: மாடல் பெயரை வால் வரைக்கும் படியுங்கள்

மடிக்கணினியின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதன் அடியில், பெட்டியின் ஓரத்திலோ கணினியின் அடிப்பாகத்திலோ, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட குறியீடு இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தக் குறியீடுதான். ஒரே பெயரில் இன்டெல் புராசசரோடும் ஏஎம்டி புராசசரோடும் கணினிகள் விற்கப்படுகின்றன. ஒரே புராசசர் உள்ளவற்றிலும்கூட, கிடைத்ததைப் பொறுத்து வைஃபை அட்டையும் டச்பேடும் தொகுதிக்குத் தொகுதி மாறுவதுண்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எல்லாமே உடனே வேலை செய்தது என்று ஒருவர் விரிவாக எழுதியிருந்ததை நம்பி, அதே பெயருள்ள கணினியை வாங்கினேன். அவருடையதில் இன்டெல் வைஃபை அட்டை இருந்திருக்கிறது. என்னுடையதில் இருந்தது, நான் நிறுவிய கெர்னலுக்கு இன்னும் அறிமுகமாகாத வேறொரு நிறுவனத்தின் அட்டை. அடுத்த கெர்னல் வரும்வரை, கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையத்தை இரவல் வாங்கியே காலம் தள்ளினேன்.

தகவல் தேட மூன்று இடங்கள் போதும். முதலாவது, உபுண்டுவைத் தயாரிக்கும் கேனானிக்கல் நிறுவனம் பராமரிக்கும் சான்றளிக்கப்பட்ட வன்பொருள் பட்டியல். இதில் மாடலின் பாகங்களோடு எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதும் இருக்கும். தயாரிப்பாளர் நிறுவித் தந்த படிமத்துக்கு மட்டும் சான்று தரப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள், ஏனெனில் அந்தப் படிமத்தில் தனிக் கெர்னல் இருக்கக்கூடும். இரண்டாவது, ஆர்ச் விக்கியில் மாடல்வாரியாக உள்ள பக்கங்கள். நீங்கள் ஆர்ச் பயன்படுத்தாவிட்டாலும் அவற்றிலுள்ள பாகப் பட்டியல் உங்களுக்கும் பொருந்தும். மூன்றாவது, எச்டபிள்யூ-புரோப் என்ற கருவி வழியாகப் பயனர்கள் தத்தம் கணினியின் பாக விவரங்களைப் பதிவேற்றும் லினக்ஸ்-ஹார்டுவேர் தளம்; ஒரே பெயருக்குள் எத்தனை வகைப் பாகங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது இங்கேதான் தெரியும்.

இணையத்தில் ‘லினக்ஸில் நன்றாக ஓடுகிறது’ என்று மொட்டையாக எழுதப்பட்ட வரிக்கு மதிப்புத் தராதீர்கள். பதிப்பு எண், வைஃபை அட்டையின் பெயர், உறக்கத்தைச் சோதித்தாரா என்ற மூன்றும் இருந்தால்தான் அது தகவல்.

படி 3: வைஃபை

அதிகம் பேரைத் தவிக்கவிடும் பாகம் இதுதான். மேலும், வைஃபை இல்லாத கணினியில் வைஃபைக்கான இயக்கியைத் தரவிறக்கவும் வழியிருக்காது. புளூடூத்தும் பெரும்பாலும் இதே அட்டையில் இருப்பதால் ஒன்று படுத்தால் மற்றதும் கூடவே படுத்துவிடலாம்.

இன்டெல் அட்டைகளே பாதுகாப்பான தேர்வு. ஏஎக்ஸ்200-க்கு 5.1, ஏஎக்ஸ்210-க்கு 5.10, பிஇ200-க்கு 6.5 என்ற கெர்னல் இருந்தால் போதும். ஏஎம்டி மடிக்கணினிகளில் அடிக்கடி காணப்படும் மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12 முதல் ஆதரவு உண்டு. ரியல்டெக்கின் நிலை கலவையானது: 8852பிஇ அட்டைக்கு 6.2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஆகவே டெபியன் 12-இன் இயல்பான கெர்னலில் அது ஓடாது. பழைய பிராட்காம் அட்டைகளில் பலவற்றுக்கு நிறுவனத்தின் மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) இயக்கியைத் தனியே நிறுவ வேண்டும். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பிடித்த மாடலில் பிடிக்காத அட்டை இருந்தால், அது எம்.2 சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று பராமரிப்புக் கையேட்டில் பாருங்கள். செருகப்பட்டது என்றால் இரண்டு ஆன்டெனா கம்பிகளைக் கழற்றி, ஒரு திருகைத் தளர்த்தி, வேறு அட்டையைப் பொருத்திவிடலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை பார்வைக்கு அதே அளவில் இருந்தாலும் தம் வேலையில் ஒரு பகுதியை இன்டெல் சிப்செட்டிடம் ஒப்படைத்துவிடுபவை. ஏஎம்டி கணினியில் அவை இயங்கா. அங்கே ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 என்றே கேட்டு வாங்க வேண்டும்.

மூடிய ஃபர்ம்வேர் ஒரு வரிகூட வேண்டாம் என்று கொள்கையாகவே இருப்பவர்களுக்கு வழி மிகக் குறுகலானது. ஏத்நைன்கே இயக்கியால் ஓடும் பழைய ஏதரோஸ் அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. அவற்றையும், லிப்ரேபூட் என்ற திறந்தமூல பூட் ஃபர்ம்வேரைப் பொருத்தக்கூடிய பழைய திங்க்பேடுகளையும் தேடிப்போக வேண்டியதுதான்.

படி 4: கிராஃபிக்ஸ்

விளையாட்டோ, குடா (என்விடியாவின் கணக்கீட்டுத் தளம்) தேவைப்படும் கணக்கீடோ உங்கள் வேலையில் இல்லையென்றால், புராசசரிலேயே அமைந்த இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் போதும். இரண்டுக்குமான இயக்கிகள் கெர்னலில் இருக்கின்றன, நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை. ‘இருக்கட்டுமே’ என்று தனி என்விடியா அட்டை உள்ளதை வாங்குபவர்கள் வெப்பத்தையும் பேட்டரி இழப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

என்விடியா தேவைதான் என்றால், டூரிங் தலைமுறையோ (ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகள்) அதற்குப் பிந்தியதோ வாங்குங்கள். 2022 மேயில் அந்நிறுவனம் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தபோது டூரிங் முதலான அட்டைகளே அதில் அடங்கின. பயனர் தளத்துப் பகுதி இன்றும் மூடியதே. பழைய கணினி வாங்குபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: டூரிங்கைவிடப் பழைய கெப்ளர் தலைமுறைக்கான இயக்கி 470 வரிசையோடு நின்றுவிட்டது. எச்டிஎம்ஐ துளை பல மாடல்களில் தனி அட்டையோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால், அந்த அட்டையை அணைத்து வைத்துப் பேட்டரியைச் சேமிக்க நினைப்பவருக்கு வெளித்திரை கிடைக்காமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 5: மூடியை மூடினால் என்ன நடக்கிறது

மடிக்கணினி உறங்குவதில் இரண்டு முறைகள் உண்டு. பழைய முறையில், எஸ்3 என்ற நிலையில், ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாமே மின்சாரத்தை இழந்துவிடும். இரவு முழுதும் பையில் கிடந்தாலும் பேட்டரி சொற்பமாகவே குறையும். புதிய முறையில், விண்டோஸ் உலகம் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்றும் லினக்ஸ் ‘எஸ்2ஐடில்’ என்றும் அழைக்கும் நிலையில், கணினி அணைவதில்லை, ஒவ்வொரு பாகமும் தானே ஆழ்ந்த ஓய்வுக்குச் சென்றாக வேண்டும். ஒரே ஒரு பாகம் விழித்திருந்தாலும் புராசசர் ஆழத்துக்கு இறங்காது. பையிலிருந்து எடுக்கும்போது கணினி சுடுவதும், பேட்டரி காலியாகிக் கிடப்பதும் இதனால்தான். அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் எஸ்3 அறவே நீக்கப்பட்டுவிட்டது.

எது இருக்கிறது என்று அறிய, ‘சிஸ்’ அடைவின் ‘பவர்’ பகுதியில் உள்ள ‘மெம்_ஸ்லீப்’ (/sys/power/mem_sleep) என்ற சிறு கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் ‘எஸ்2ஐடில்’ மட்டும் இருந்தால் வேறு வழியில்லை. ‘டீப்’ என்ற சொல்லும் இருந்தால் பழைய முறை கிடைக்கிறது என்று பொருள். சதுர அடைப்புக்குள் இருப்பதே தற்போது தேர்வாகியிருப்பது. சில திங்க்பேடு மாடல்களின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) உறக்க நிலையை ‘விண்டோஸ்’, ‘லினக்ஸ்’ என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு, அங்கே லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் எஸ்3 திரும்ப வந்துவிடும்.

எஸ்2ஐடில் மட்டுமே உள்ள கணினியை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் ஒழுங்காக உறங்குபவையும் நிறைய உண்டு. ஆனால் அந்த மாடலை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் வாய்ப்பு என்றால், இரவில் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதையே கேளுங்கள்.

படி 6: ஒலி, கேமரா, கைரேகை

இயர்போனில் பாட்டு கேட்கும், ஒலிபெருக்கியில் மௌனம். அல்லது தகரடப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல மெல்லிய ஒலி. இந்த அறிகுறி தெரிந்தால், ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் சிரஸ் சிஎஸ்35எல்41 போன்ற தனி ஆம்ப்ளிஃபயர் சில்லு இருக்கிறது, அந்த மாடலுக்கான அமைப்பு உங்கள் கெர்னலுக்கு இன்னும் தெரியவில்லை என்று கொள்ளலாம். புதிய கெர்னலில் சரியாகவும் வாய்ப்புண்டு.

கேமரா யுஎஸ்பி வழியாக இணைக்கப்பட்டிருந்தால் கவலையில்லை. மெலிந்த, விலை உயர்ந்த இன்டெல் மாடல்கள் சிலவற்றில் ஐபியு6 என்ற படச் செயலாக்கப் பகுதியோடு கேமரா நேரடியாகப் பிணைந்திருக்கும். அதற்கான அடிப்படை இயக்கி கெர்னல் 6.10-இல்தான் சேர்ந்தது, படத்தின் தரமும் மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது. கைரேகை உணரிக்கு, லிப்எஃப்பிரின்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் உணரியின் யுஎஸ்பி அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் கடவுச்சொல்லோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 7: பிறகு மாற்ற முடியாதவை

ரேம் பற்றவைக்கப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுங்கள். சாக்கெட்டில் இருந்தால் 8 ஜிபியோடு தொடங்கலாம். இஎம்எம்சி சேமிப்பு (போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மெதுவான சேமிப்பு) உள்ளதைத் தவிர்த்து, எம்.2 எஸ்எஸ்டி உள்ளதை வாங்குங்கள். திரையைப் பொறுத்தவரை 14 அங்குலத்துக்கு 1920 × 1200 புள்ளிகள் என்பது எந்த உருப்பெருக்கமும் இல்லாமல், அல்லது எழுத்தைச் சற்றே பெரிதாக்கி, வசதியாகப் படிக்கக்கூடிய அளவு. 125, 150 சதவீத உருப்பெருக்கம் தேவைப்படும் திரைகளில், வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறைக்கு மாறாத பழைய செயலிகளின் எழுத்து மங்கலாகத் தெரியலாம்.

படி 8: எந்த வகையை வாங்குவது

லினக்ஸை நிறுவியே விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன: அமெரிக்காவின் சிஸ்டம்76, ஜெர்மனியின் டக்ஸிடோ, ஸ்பெயினின் ஸ்லிம்புக், பிரிட்டனின் ஸ்டார் லேப்ஸ். ஃபிரேம்வொர்க் லினக்ஸைப் பொருட்டாக மதித்து ஆதரிப்பதோடு, ஏறக்குறைய ஒவ்வொரு பாகத்தையும் நாமே மாற்றும்படி வடிவமைக்கிறது. பெரிய நிறுவனங்களில் டெல் 2012 முதல் எக்ஸ்பிஎஸ் 13-இல் உபுண்டு பதிப்பை விற்றது; லெனோவோ 2020-இல் சில திங்க்பேடுகளை ஃபெடோராவோடு விற்கத் தொடங்கியது. இவை உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் தகவல் என்ற முறையில் பயன்படும்: லினக்ஸோடு விற்கப்பட்ட ஒரு மாடலை, அதே பாகங்கள் இருக்கும் பட்சத்தில், விண்டோஸோடு வாங்கினாலும் நம்பி வாங்கலாம். ஃப்ரீடாஸ் என்ற எளிய இலவச இயங்குதளத்தை மட்டும் ஏற்றி விற்கப்படும் கணினி லினக்ஸுக்கு உகந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அதில் விண்டோஸுக்குக் காசு வாங்கவில்லை என்பதற்கு மேல் வேறு பொருள் இல்லை.

புதிதுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அலுவலகங்களுக்கு விற்கப்படும் வரிசைகளில் மூன்று, நான்கு வருடம் பழையதைத் தேடுங்கள். அதைவிடப் பழையவற்றுக்கும் இப்போது நல்ல காலம்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் கைவிடப்பட்ட ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் லினக்ஸில் உலாவலுக்கும் எழுத்து வேலைக்கும் நிரல் எழுதவும் தாராளமாக ஈடுகொடுக்கின்றன. பழையதை வாங்கும்போது பயாஸுக்குள் நுழைந்து பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். முந்தைய உரிமையாளரான நிறுவனம் வைத்த கடவுச்சொல் அங்கே இருந்தால், பூட் வரிசையைக்கூட உங்களால் மாற்ற முடியாமல் போகலாம்.

ஆர்ம் புராசசர் உள்ளவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஸ்னாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினிகளில் ஒவ்வொரு மாடலுக்கும் தனி வன்பொருள் வரைபடக் கோப்பு எழுதப்பட வேண்டியிருக்கிறது. ஆப்பிள் எம்1, எம்2 கணினிகளில் அசாகி லினக்ஸ் வியக்கத்தக்க அளவு வந்திருந்தாலும், முதல்முறை லினக்ஸுக்கு வருபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2018 முதல் 2020 வரையிலான, டி2 சிப் உள்ள இன்டெல் மேக்குகளுக்கும் தனிக் கெர்னல் தேவைப்படுகிறது.

படி 9: பென் டிரைவோடு போய்ச் சோதியுங்கள்

விற்பவர் அனுமதித்தால் அங்கேயே, இல்லையென்றால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டில், நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் லைவ் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள்; இதனால் வட்டில் உள்ள எதுவும் மாறாது. நீங்கள் நிறுவப்போகும் அதே வழங்கலின் அதே பதிப்பையே எழுதிக்கொண்டு போங்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றும் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் நிலையிலேயே பூட் ஆகும். ஆகவில்லையென்றால், பயாஸில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2022 முதல் சில மாடல்கள் அப்படித்தான் வருகின்றன.

திரை வந்ததும் முதலில் வைஃபையில் இணைந்து ஒரு காணொளியை ஓட்டுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியைக் கேளுங்கள், இயர்போனைச் செருகிப் பிடுங்குங்கள், வெளிச்சத்தைக் கூட்டும் விசையையும் ஒலியைக் குறைக்கும் விசையையும் அழுத்துங்கள், இரண்டு விரலால் டச்பேடை உருட்டுங்கள். பிறகு மூடியை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை வந்துவிட்டது என்பதோடு திருப்தியடையாமல், வைஃபை மறுபடி இணைகிறதா, டச்பேடு அசைகிறதா, ஒலி வருகிறதா என்று மூன்றையும் திரும்பப் பாருங்கள். உறங்கி எழுந்த பின் ஒன்று மட்டும் எழாமல் கிடப்பதே வழக்கமான கோளாறு.

டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘என்என்கே’ என்ற தெரிவோடு (lspci -nnk) இயக்கினால், ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்ணும் அதை எந்த இயக்கி இயக்குகிறது என்பதும் வரிசையாக வரும். இயக்கியின் பெயர் இல்லாமல் வெறுமையாக நிற்கும் வைஃபை, ஒலி வரிகளே உங்கள் பிரச்சினைப் பட்டியல். பழைய கணினி என்றால் ‘யூபவர்’ காட்டும் இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்: பேட்டரி தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவு 50 வாட்-மணி, இப்போது முழுதும் ஏறினால் 31 என்றால், புதுப் பேட்டரிக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

படி 10: நிறுவும் நாள்

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், பயாஸில் எதையும் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். கணினியை முழுதாக அணையவிடாத, விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். நிறுவி உங்கள் எஸ்எஸ்டியைக் காணவில்லை என்றால், பயாஸில் சேமிப்பு ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ முறையில் இருக்கும். அதை ‘ஏஎச்சிஐ’ முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் இருக்கும் கணினியில் முன்னேற்பாடு இல்லாமல் இதை மாற்றினால் அது பூட் ஆகாது என்பதால், முதலில் விண்டோஸை ‘சேஃப் மோடில்’ தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள்.

நிறுவி முடித்ததும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூஅப்டி (fwupd) கருவியை ஒருமுறை இயக்குங்கள். தயாரிப்பாளர் எல்விஎஃப்எஸ் என்ற ஃபர்ம்வேர் வழங்கும் சேவையில் பங்கேற்பவராக இருந்தால், பயாஸ் புதுப்பிப்புகள் விண்டோஸ் இல்லாமலேயே இதன் வழியாக வந்து சேரும். உறக்கக் கோளாறுகளில் சில இந்த ஒரு புதுப்பிப்பிலேயே தீர்ந்துவிடுகின்றன. எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும், எச்டபிள்யூ-புரோப் கருவியால் உங்கள் கணினியின் விவரத்தைப் பதிவேற்றிவிடுங்கள். அடுத்து இதே மாடலைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு, உள்ளே எந்த வைஃபை அட்டை இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.